பேராசிரியர் போல்ட்டனும் பித்தளைத் தகடும்

ஒரு தேசத்தின் சரித்திரத்தை வீட்டிலிருந்தே எழுதுவோர் பலர்; ஒரு பிராந்தியத்தின் சரித்திரத்தை, அதன் மலையும் மணலும் கடந்து கண்டு, ஏட்டுச் சான்றோடு ஒப்பு நோக்கி எழுதுவோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் அமெரிக்கப் பேராசிரியர் ஹெர்பர்ட் யூஜின் போல்ட்டன் என்பார். குலவரலாறு தேடும் நம்மனோர்க்கு அவர் வாழ்க்கையில் கற்கத்தக்க பாடம் உண்டாதலின், அதனைச் சுருக்கி ஈண்டு வரைகின்றோம்.

போல்ட்டன் 1870-ஆம் ஆண்டில் விஸ்கான்ஸின் மாகாணத்தில் பிறந்தார். 1899-ல் பென்ஸில்வேனியா சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்று, 1901-ல் டெக்ஸாஸ் சர்வகலாசாலையில் ஆசிரியராய் அமர்ந்தார். அக்காலத்து அமெரிக்கச் சரித்திர நூல்கள் பெரும்பாலும் கீழ்க்கரையில் குடியேறிய ஆங்கிலேயரையே முதலாகக் கொண்டன. ஆங்கிலேயர் ஜேம்ஸ்டவுனில் 1607-ல் குடியேறு முன்னரே, ஸ்பானியர் 1598-ல் நியூ மெக்ஸிகோவில் குடியேறியிருந்தனர். அவர்தம் தஸ்தாவேஜுகளோ மெக்ஸிகோ தேசத்து ஆவணக் களரிகளில் உறங்கிக் கிடந்தன. போல்ட்டன் 1902 முதல் கோடை விடுமுறைகளில் ஆங்குச் சென்று அவற்றைப் படித்துப் பிரதி செய்தார். அவ்வுழைப்பின் பயனாக, மெக்ஸிகோ ஆவணக் களரிகளுக்கு அவர் இயற்றிய வழிகாட்டி நூல் 1913-ல் வெளிவந்தது.

1911-ல் கலிபோர்னியா சர்வகலாசாலையின் பெர்க்லி கலாசாலையை அடைந்தார். அச்சர்வகலாசாலை 1905-ல் விலைக்கு வாங்கிய பான்கிராப்ட் புத்தகசாலை பின்னர் அவர் பொறுப்பில் வந்து, 1940 வரை அவரால் வளர்ந்தது. பாதிரிமாரும் படைத்தலைவரும் சென்ற பழைய வழிகளை அவர் தாமே சென்று கண்டு எழுதினார். டாக்டர் பட்டத்துக்கு அவர் பயிற்றிய மாணாக்கர் மட்டும் நூற்றுவருக்கு மேற்பட்டவர். அமெரிக்கச் சரித்திர சங்கத்துக்குத் தலைவராய் 1932-ல் நிகழ்த்திய உரையில், வட தென் அமெரிக்காக்களை ஒரே சரித்திரமாய் நோக்கவேண்டுமென வற்புறுத்தினார்.

இத்துணைச் சான்றறிவு படைத்தவரும் ஒருகால் ஏமாந்தனர். 1579-ல் உலகைச் சுற்றிவந்த டிரேக் என்னும் ஆங்கில மாலுமி, கலிபோர்னியாக் கரையில் இறங்கி, எலிஸபெத் ராணியின் பெயரால் ஒரு பித்தளைத் தகட்டை நாட்டிச் சென்றதாகப் பழங்குறிப்பு உண்டு. அது கிடைப்பின் தமக்கு அறிவிக்குமாறு போல்ட்டன் மாணாக்கரிடம் பல்லாண்டாகச் சொல்லி வந்தார். 1936-ல் சான் பிரான்ஸிஸ்கோவுக்கு அருகே ஒருவர் ஒரு தகட்டைக் கண்டெடுத்தார். அதனைக் கண்ட போல்ட்டன், 1937 ஏப்ரலில் அது மெய்யானதே எனச் சபையில் அறிவித்தார். அன்பர் சிலர் 3,500 டாலர் கொடுத்து அதனை வாங்கிப் பான்கிராப்ட் புத்தகசாலைக்கு வழங்கினர். எழுத்தமைதி பற்றிச் சிலர் ஐயுற்றனர்; 1938-ல் உலோக நிபுணர் மெய்யென்றே கூறினர். போல்ட்டன் 1953-ல் காலமானார். 1977-ல் நடந்த சோதனையில், அத்தகடு தற்கால யந்திரத்தில் உருட்டிச் செய்த பித்தளை என்பது தெளிவாயிற்று. அவருடைய நண்பர் சிலரே வேடிக்கையாய்ச் செய்த சூது அதுவென்னும் ஆராய்ச்சி 2003-ல் வெளிவந்தது.

இவ்விடத்து நாம் நின்று எண்ணுக. அப்பேராசிரியர் அறிவிற் குறைந்தவரல்லர். நெடுநாள் விரும்பியது கைக்கு வந்தபோது, விருப்பமே சான்றாக நின்றுவிட்டது. அப்பிழையை மறுசோதனைக்கு விட்டதோ, அவர் தலைமை தாங்கிய புத்தகசாலையே. அவருடைய கடிதங்களும், பிரதிகளும், குறிப்புகளும் அங்கேயே காக்கப்பெற்றுள்ளன, தகடும் எறியப்படவில்லை. தகடு பொய்த்தபின்னும் அவர் திரட்டிய பிரதிகள் பொய்த்தில. புகழ் தந்த பொருள் வீழ்ந்தது. பொறுமையாய்ச் செய்த வேலை நின்றது.

நம்மிடையேயும், முன்னோர்க்கு அரசர் அளித்ததெனச் செப்பேட்டையோ ஓலையையோ ஒருவர் கொணருங்கால், நம் உள்ளம் உடனே பூரிக்கின்றது. பூரிப்புக்கு முன் சோதனை வேண்டும். நம்மைப் புகழும் சான்றையே நாம் முதலில் ஐயுறல் தகும். பழைய வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் பாகப்பத்திரம், கடன் முறி, கணக்கேடு, கடிதம் ஆகியவற்றில் ஒரு புகழ்மொழியும் இராது. ஆயினும் நம் மூதாதையர் உண்மையில் வாழ்ந்த வாழ்வு அவற்றிலேதான் உளது. அவற்றைக் கரையானுக்கும் அடுப்புக்கும் இரையாக்காது, பிரதி எடுத்து, ஆண்டும் ஊரும் குறித்துப் பேணுதல் நம் சங்கத்தார் ஒவ்வொருவருக்கும் கடமையாகும்.