டி206 அடிபந்தாட்ட அட்டைகள்

டி206 என்பது 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனியின் சிகரெட் பெட்டிகளுக்குள் வைத்து வெளியிடப்பட்ட, அடிபந்தாட்ட (பேஸ்பால்) வீரர்களின் பட அட்டைத் தொகுப்பு ஆகும். இப்பெயர் நிறுவனம் இட்டதன்று. சேகரிப்பாளர் ஜெபர்சன் பர்டிக் தமது அட்டைப் பட்டியலில் அளித்த குறியீடே நிலைத்துவிட்டது. இத்தொகுப்பில் 520-க்கும் மேற்பட்ட அட்டைகள் உள்ளன.

அச்சு வேறுபாடுகள்

சிகரெட் பெட்டிக்குள் அடங்க வேண்டியிருந்ததால் அட்டையின் அளவு ஏறத்தாழ 36 x 67 மில்லிமீட்டர் மட்டுமே. முன்பக்கத்தில் வண்ணக் கல்லச்சுப் படமும், பின்பக்கத்தில் சிகரெட் அல்லது புகையிலை வணிகப்பெயரின் விளம்பரமும் இருக்கும். ஒரே வீரரின் ஒரே படம் பல்வேறு பின்பக்கங்களுடன் கிடைக்கிறது. பீட்மாண்ட், சுவீட் கேபோரல் ஆகியவை மலிவாகக் கிடைப்பவை. டிரம், உசிட் போன்றவை அரியவை. எனவே இத்துறையில் அட்டையைத் திருப்பிப் பாராமல் விலை கூற இயலாது.

எழுத்துப்பிழைகளும் விலை பெறுகின்றன. செர்ரி மெகீ என்பவரின் பெயர் முதலில் தவறான எழுத்துகளுடன் அச்சாகிப் பின்னர் திருத்தப்பட்டது. திருத்தப்படாத அட்டையே இன்று மிகுதியாகத் தேடப்படுகிறது. மாறாக, வாக்னர் அட்டையில் பிட்சுபர்க் நகரின் பெயர் இறுதி எழுத்தின்றி இருப்பது பிழையன்று. அக்காலத்தில் அந்நகரின் அதிகாரப்பூர்வ எழுத்துக்கூட்டல் அதுவே.

வாக்னர் அட்டை

ஓனசு வாக்னரின் அட்டை விரைவில் நிறுத்தப்பட்டது. சிறுவர் புகையிலை வாங்குவதற்குத் தம் படம் காரணமாவதை அவர் விரும்பவில்லை என்பர். தமக்குப் பணம் தரப்படாததே காரணம் என்போரும் உளர். அவர் புகையிலை மெல்லும் பழக்கம் உடையவர் என்பதும் இங்கு கருதத்தக்கது. இன்று சுமார் 50 முதல் 60 படிகளே அறியப்பட்டுள்ளன.

நிலையும் மோசடியும்

நூறாண்டு பழமையான அட்டையில் மூலைகள் மழுங்குவதும், மடிப்பும் கறையும் விழுவதும் இயல்பு. ஓரங்களை மெல்லியதாக நறுக்கினால் மூலைகள் மீண்டும் கூர்மையாகத் தோன்றும். இது சேகரிப்பாளரிடையே பெருங்குற்றமாகக் கருதப்படுகிறது. நறுக்கப்பட்டதெனத் தெரிந்த அட்டைக்குத் தர எண் வழங்கப்படுவதில்லை.

1991-இல் பனி வளைதடியாட்ட வீரர் வெய்ன் கிரெட்சுகியும் புரூசு மெக்னாலும் 4,51,000 டாலருக்கு வாங்கிய வாக்னர் அட்டை, பத்துக்கு எட்டு என்னும் தர எண்ணைப் பெற்றது. 2007-இல் அது 28 இலட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. ஓரங்கள் குறித்த ஐயம் நெடுநாள் நிலவியது. முன்பு அதனை விற்ற ஏல வணிகர் பில் மாசுட்ரோ, அதனைத் தாமே நறுக்கியதாக 2013-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 2021-இல், தர எண் மூன்று மட்டுமே பெற்ற மற்றொரு வாக்னர் அட்டை 66 இலட்சம் டாலருக்கு ஏலம் போனது.

பர்டிக் தமது மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளையும் அச்சுத் தாள்களையும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்துக்கு அளித்தார். வாக்னர் அட்டையும் அவற்றுள் ஒன்று. அவற்றை அவர் தொகுப்பேடுகளில் பசையிட்டு ஒட்டியிருந்தார்.