எட்டு விழுக்காட்டு எல்லை

நியூயார்க்கின் நடனக்கூடங்களில் 1960-களின் இறுதிவரை டி.ஜே.யின் வேலை, ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்த இசைத்தட்டை ஓடவிடுவது என்ற அளவிலேயே இருந்தது. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றில் இயங்கிய ‘சாங்சுவரி’ கூடத்தில் பிரான்சிஸ் கிராசோ, ஒரு தட்டு ஓடும்போதே மற்றொன்றை ஹெட்போனில் கேட்டு, இரண்டின் தாள அடிகளும் ஒருசேர விழும்படி பொருத்தி, ஆட்டம் அறுபடாமல் பாட்டை மாற்றும் முறையை நிலைநாட்டினார். சுழல்மேடைக்கும் தட்டுக்கும் நடுவே வழுக்கும் துணிவட்டு ஒன்றை இட்டு, அடியில் மேடை சுழன்றுகொண்டிருக்கத் தட்டை மட்டும் விரலால் பிடித்து நிறுத்தி, உரிய அடி வந்ததும் விட்டுவிடும் ‘ஸ்லிப் க்யூ’ என்னும் உத்தி அவருக்குக் கைகொடுத்தது.

பொருத்துவதைவிடப் பொருந்தியபடியே வைத்திருப்பதுதான் கடினம். காலப்பிரமாணம், அதாவது நிமிடத்திற்கு விழும் அடிகளின் எண்ணிக்கை, ஒரு பாட்டில் 118, மற்றதில் 122 என்றிருந்தாலே 15 விநாடியில் ஓர் அடி முழுதாக விலகிவிடும். போதாக்குறைக்கு, அன்றைய தட்டுகளில் டிரம்ஸ் வாசித்தவர்கள் மனிதர்களாதலால் ஒரே பாட்டுக்குள்ளும் வேகம் ஏறி இறங்கியது.

1979-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 என்னும் இசைத்தட்டுக் கருவி, வேகத்தை 8 விழுக்காடு வரை கூட்டவோ குறைக்கவோ வல்ல தள்ளுகோலைத் தந்ததால், 120 அடிப் பாட்டை ஏறத்தாழ 110-க்கும் 130-க்கும் இடையே நகர்த்த முடிந்தது. ஆனால் தட்டின் வேகம் கூடினால் சுருதியும் கூடும்; 6 விழுக்காட்டிலேயே ஏறக்குறைய அரைச்சுரம் உயர்ந்து பாடகரின் குரல் திரியத் தொடங்கும்.

90-லிருந்து 120-க்குத் தாவ இக்கோல் உதவாது. அங்கே தாளமற்ற முகப்பிசையின்மேல் பழைய பாட்டைக் கரையவிடுவதும், எதிரொலியில் மங்கவிட்டுப் புதியதைச் சட்டென வெட்டி நுழைப்பதும் வழக்கமாயின. 85 அடிப் பாட்டை 170 அடிப் பாட்டோடு இணைப்பதோ, கருநாடக இசையின் முதற்காலமும் இரண்டாங்காலமும்போல, ஓரடிக்கு ஈரடி என்ற கணக்கில் இயல்பாகவே அமையும்.

இந்தத் தேவைகள் தட்டின் வடிவத்தையே மாற்றின. 1976-இல் டி.ஜே. வால்ட்டர் கிப்பன்ஸ் ‘டென் பர்சென்ட்’ பாடலைத் தாளப் பகுதிகளை நீட்டி ஏறத்தாழ 10 நிமிடமாக்கியபோது, அது 12 அங்குலத் தட்டாகக் கடைகளுக்கு வந்தது. ரோலண்ட் டிஆர்-909 (1983) போன்ற தாள இயந்திரங்கள் பரவியபின் வேகமும் அசையாமல் நின்றது. சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் மாற்றும் வசதியை எண்முறைக் கருவிகள் பின்னர் அளித்தன. ஆயினும் பெருந்தாவல்களுக்குப் பழைய உத்திகளே இன்றும் மேலானவை, ஏனெனில் 90 அடிப் பாட்டை 120-க்கு இழுத்தால் சுருதி மாறாமல் நின்றாலும் பாட்டின் நடை கெட்டுவிடும்.

1970-இல் நியூயார்க்கில் ‘லாஃப்ட்’ விருந்துகளைத் தொடங்கிய டேவிட் மன்கூசோ, பிற்காலத்தில் கலப்பதையே கைவிட்டு, ஒவ்வொரு பாட்டையும் அதன் சொந்த வேகத்தில், முதலிலிருந்து முடிவுவரை ஒலிக்கவிட்டார்.