மூன்று சுழி ணகரமும் மாறும் எழுத்துருவும்

"பனி" என்பதற்கும் "பணி" என்பதற்கும் இடையில் இருப்பது ஒரேயொரு சுழி. தமிழ் எழுத்துரு வரையும் எனக்கு அந்தச் சுழிதான் பெரிய தலையிடி. எழுத்தைத் தடிப்பாக்க ஆக்க, சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளை இடம் அடைபட்டுப்போகும். பெயர்ப் பட்டியலொன்றைச் சிறிய எழுத்தில் அச்சிட்டு, அதை இரண்டு தடவை போட்டோக்கொப்பி எடுத்தால், எது ண, எது ன என்று பிரித்தறிவது கடினம். காணாமல் ஆக்கப்பட்டவரின் பெயரையோ காணிக்காரரின் பெயரையோ அதில் தேடுபவருக்கு இது அழகு பற்றிய பிரச்சினை அல்ல.

'வேரியபிள் பொன்ட்' எனப்படும் மாறும் எழுத்துருவை அடோபி, அப்பிள், கூகிள், மைக்ரோசொப்ட் ஆகிய நான்கும் 2016 செப்டெம்பரில் கூட்டாக அறிவித்தன. முன்னர் மெல்லியது, சாதாரணம், தடித்தது என ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பு வேண்டும். இதில் ஒரே கோப்புத்தான். இடைப்பட்ட எந்தத் தடிப்பையும் தெரிவுசெய்யலாம்.

மிக மெல்லிய ணகரத்தையும் மிகத் தடித்த ணகரத்தையும் நான் வரைகிறேன். இரண்டின் வெளிக்கோட்டிலும் புள்ளிகள் ஒரே எண்ணிக்கையில், ஒரே வரிசையில் இருக்கவேண்டும். அவற்றுக்கு இடைப்பட்ட வடிவங்களைக் கணினி கணித்துக்கொள்கிறது. வரிசை பிசகினால் சுழி முறுக்கிக்கொள்ளும். கணக்குச் சரியாக இருந்தும் நடு வடிவம் கண்ணுக்கு உறுத்தினால், நடுவில் இன்னொன்றை வரையவேண்டும். தடித்த ணகரத்தில் உட்கோடுகளை வெளிக்கோடுகளைவிடச் சற்று மெலிதாக விடுகிறேன். ஞ, ஜ, இ ஆகியவற்றுக்கும் இதே வைத்தியம்தான்.

அடுத்தது அகலம். 1987 இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆனால் மும்மொழிப் பலகைகளில் தமிழ் வரி நீளமாக வருவதால் அதைப் பக்கவாட்டில் நசுக்கிவிடுகிறார்கள். நசுக்கும்போது நிமிர்ந்த கோடுகள் மெலியும், கிடைக்கோடுகள் தடிப்பாகவே நிற்கும். அகலமும் மாறும்படி அமைத்த எழுத்துருவில் ஒடுங்கிய வடிவமும் தனியாக வரையப்பட்டிருக்கும். அதனால் கோடுகளின் தடிப்புக் குலையாது.

பாமினியில் தட்டச்சிட்ட பழைய கடிதங்களுக்கும் சத்தியக் கடதாசிகளுக்கும் இது நேரடியாக உதவாது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு அது. முதலில் யூனிகோட்டுக்கு மாற்றுங்கள். மாற்றியபின் பெயர்களை மூலப்பிரதியுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

சங்கங்களுக்கோ பத்திரிகைக்கோ எழுத்துரு தேடுவோர் என்னிடம் கேட்டால் ஒரு சோதனை சொல்வேன். பணி, பனி, மணம், மனம், ஆணை, ஆனை என்று கலந்து, தடித்த எழுத்தில், 8 புள்ளி அளவில் அச்சிடுங்கள். அந்தத் தாளைப் போட்டோக்கொப்பி எடுத்து, மூக்குக்கண்ணாடி போடும் வயதான ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள்.