அச்சு மேலாண்மை மென்பொருள்: பதிப்புகளும் புதுப்பிப்புகளும்

அச்சு மேலாண்மை மென்பொருள் என்பது, ஒரு நிறுவனத்தின் கணினிகளிலிருந்து அச்சுப்பொறிகளுக்குப் போகும் வேலைகளை வரிசையில் நிறுத்தி, அனுப்பியவர் யார் என்று சரிபார்த்து, பக்கங்களைக் கணக்கிட்டு, உரிய பொறிக்கு அனுப்பிவைக்கும் மென்பொருள். யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் கப்ஸ், விண்டோஸில் பிரிண்ட் ஸ்பூலர் ஆகியவை இதன் அடித்தளம். அவற்றின் மேல் அமர்ந்து ஒதுக்கீட்டையும் கட்டணத்தையும் கவனிப்பவை பேப்பர்கட் போன்ற வணிகத் தயாரிப்புகள். இவற்றின் ஒவ்வொரு புதிய பதிப்பும் புதிய வசதிகளின் பட்டியலோடுதான் வெளியாகிறது. ஆனால் கடந்த கால் நூற்றாண்டின் பதிப்புக் குறிப்புகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் வேறொரு வரலாறு தெரிகிறது. இத்துறையில் நிலைத்த பயன் தந்த மாற்றங்கள் பெரும்பாலும் எதையாவது சேர்த்தவை அல்ல; எதையாவது எடுத்தவை.

அடுக்குகளும் பணியும்

ஒருவர் அச்சிடும் கட்டளை தந்ததும் அவருடைய செயலி பக்கத்தை ஒரு கோப்பாகத் தருகிறது. ஸ்பூலர் அதை வட்டில் சேமித்து வரிசையில் வைக்கிறது. அந்தப் பொறிக்குப் புரியும் மொழிக்கு அதை மாற்றுவது டிரைவரின் வேலை. அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் இதற்கு மேல் இன்னொரு அடுக்கு உண்டு: வேலை உடனே அச்சாகாமல் சர்வரில் காத்திருக்கும், அனுப்பியவர் ஏதாவது ஒரு பொறியருகே போய் அடையாள அட்டையைக் காட்டினால்தான் காகிதம் வெளிவரும். குறித்த நேரத்துக்குள் எடுக்க ஆள் வராவிட்டால் வேலை அழிக்கப்படும். பிறர் கண்ணில் படக்கூடாத ஆவணம் தட்டில் கிடப்பதையும், யாரும் எடுக்காத தாள்கள் குவிவதையும் இந்த ஏற்பாடு ஒருசேரத் தடுக்கிறது. ஆக, அச்சடிக்க உதவுவதைப்போலவே அச்சடிப்பதைக் குறைப்பதும் இம்மென்பொருளின் பணிதான். அதன் வசதிகளை எண்ணிக்கையால் அளப்பது பொருந்தாது என்பதற்கு இதுவே முதல் சான்று.

சுமை சேர்ந்த காலம்

தொடக்கத்தில் தேவை உண்மையாகவே பெரிதாக இருந்தது. கையிலிருந்த கருவிகளோ குறைவு. 1980 வாக்கில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை அறிவு ஆய்வுக்கூடத்துக்கு ஜெராக்ஸ் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. அதற்கு முந்தைய பொறியின் மென்பொருளில், காகிதம் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும்படி அங்கு நிரலாளராக இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் மாற்றம் செய்திருந்தார். புதிய பொறியின் மூலநிரல் கிடைக்காததால் அதே வசதியைச் சேர்க்க முடியவில்லை. அவர் 1983இல் கட்டற்ற மென்பொருளுக்கான குனு திட்டத்தை அறிவித்ததற்குப் பின்னால் இந்த அனுபவமும் இருந்தது. அச்சு வரிசைக்கு ஒரு சிறு வசதியைச் சேர்ப்பது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்பதை இது காட்டுகிறது.

அடுத்த இருபது ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. ஒவ்வொரு உற்பத்தியாளரும் ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனி டிரைவர் எழுதினார். போஸ்ட்ஸ்கிரிப்ட் பொறிகளின் திறன்களை விவரிக்க அடோபி வகுத்த பிபிடி என்ற கோப்பு வடிவம் கடைசியாகத் திருத்தப்பட்டது 1996இல்தான். ஆனால் அதைப் பல பத்தாண்டுகளுக்கு எல்லா வகைப் பொறிகளுக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். மைக்கேல் ஸ்வீட் உருவாக்கி 1999இல் வெளியிட்ட கப்ஸ், 2002இல் ஆப்பிளின் மேக் இயங்குதளத்தில் இடம்பெற்றது. 2007இல் ஆப்பிளே அதை வாங்கியது. கப்ஸும் இந்தப் பிபிடி கோப்புகளைத்தான் நம்பி நின்றது. இப்படிச் சேர்ந்த டிரைவர்கள் ஒவ்வொன்றும் பயனருக்கு ஒரு வசதி. ஆனால் இயங்குதளத்துக்கு அவை வெளியாள் எழுதிய, உயர் அதிகாரத்தோடு ஓடுகிற நிரல்.

ஸ்பூலர் தந்த பாடம்

அந்த அதிகாரத்தின் விலை விண்டோஸில் தெளிவாகத் தெரிந்தது. பிரிண்ட் ஸ்பூலர் இயங்குதளத்தின் மிக உயர்ந்த உரிமையோடு ஓடும் சேவை. அச்சுப்பொறியே இல்லாத சர்வர்களிலும் அது இயல்பாக இயங்கிக்கொண்டிருக்கும். 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல் பரவப் பயன்படுத்திய வழிகளில் ஸ்பூலரின் பிழையும் ஒன்று. 2021 கோடையில் அம்பலமான பிரிண்ட்நைட்மேர் என்ற ஸ்பூலர் பிழை இன்னும் அடிப்படையான ஒன்றைத் தொட்டது. பயனர் ஒரு பொறியைச் சேர்த்ததும் அதன் டிரைவர் தானாக வந்து நிறுவப்படும் ஏற்பாடு வெகுகாலம் பெரிய வசதியாகப் போற்றப்பட்டது. தாக்குபவர் தனக்கு வேண்டிய நிரலை டிரைவர் என்ற பெயரில் ஏற்றிவிட அதே ஏற்பாடு வழிவிட்டது. ஜூலை 6 அன்று மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் வெளியிட்டது. ஆகஸ்ட் 10 அன்று வந்த புதுப்பிப்புதான் முக்கியமானது: டிரைவர் நிறுவும் உரிமையைச் சாதாரணப் பயனரிடமிருந்து எடுத்து நிர்வாகியிடம் கொடுத்தது.

விண்டோஸில் தன்னிடம் முறையிடப்படும் பாதுகாப்புப் பிழைகளில் 9 சதவீதம் அச்சு தொடர்பானவை என்று 2023 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் கூறியது. ஓர் இயங்குதளத்தில் அச்சிடுதல் எவ்வளவு சிறிய பகுதி என்பதை நினைத்தால் இது பெரிய பங்கு. அதற்குச் சில மாதங்கள் முன், வெளி நிறுவனங்களின் அச்சு டிரைவர்களைத் தன் புதுப்பிப்புச் சேவை வழியாக வழங்குவதைப் படிப்படியாக நிறுத்தி, 2027இல் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் அனுமதிக்கும் திட்டத்தை அந்நிறுவனம் அறிவித்திருந்தது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் வந்த பாதுகாக்கப்பட்ட அச்சு முறை இதன் அடுத்த படி. அதை இயக்கினால் வெளி டிரைவர்கள் எதுவும் ஏறாது. ஸ்பூலரின் பெரும்பகுதி வேலைகள் குறைந்த உரிமையில் நடக்கும். பதிப்புக் குறிப்பில் அது புதிய வசதியாக இடம்பெற்றாலும், உள்ளே நடந்தது நீக்கம்.

கப்ஸ்: நீக்கியது திரும்பியபோது

டிரைவர் இல்லாமல் அச்சிடுவது எப்படி என்ற கேள்விக்கு விடை, இணைய அச்சு நெறிமுறை என்கிற ஐபிபி. அதன் 1.1 பதிப்பு 2000 செப்டம்பரில் வரையறுக்கப்பட்டது. பொறியே தன் திறன்களைச் சொல்லும்: எந்த அளவுத் தாள், இரு பக்கமும் அச்சிடுமா, வண்ணம் உண்டா என்றெல்லாம். கணினி பொதுவான வடிவில் பக்கத்தை அனுப்பினால் போதும். ஆப்பிள் 2010இல் கொண்டுவந்த ஏர்பிரிண்ட், 2013இன் ஐபிபி எவ்ரிவேர், அதே ஆண்டில் கேனான், எச்பி, சாம்சங், ஜெராக்ஸ் சேர்ந்து தொடங்கிய மோப்ரியா கூட்டமைப்பு ஆகிய மூன்றும் இந்த அடித்தளத்தில் எழுந்தவை. தமிழ் போன்ற எழுத்துகளுக்கும் இது ஏற்ற வழி. ஒகரக் குறி எழுத்தின் இருபுறமும் வரும். இத்தகைய எழுத்துச் சேர்க்கையைப் பொறிக்குள் இருக்கும் எழுத்துருவை நம்பிச் செய்ய முடியாது. கணினியே எழுத்தை உருவாக்கிப் பக்கமாக அனுப்பும்போது பொறிக்கு மொழி தெரிய வேண்டியதில்லை. ஐபிபி கோரிக்கைகளில் யுடிஎஃப்-8 கட்டாயமாக ஆதரிக்கப்படுவதால் வேலையின் பெயரும் தமிழிலேயே வரிசையில் நிற்கலாம்.

கப்ஸின் பதிப்புகள் இந்தத் திசையில்தான் நகர்ந்தன. 2012இல் வந்த 1.6 பதிப்பு, வலையமைப்பில் பொறிகளைத் தேட கப்ஸ் வைத்திருந்த சொந்த முறையைக் கைவிட்டுப் பொதுத் தரத்துக்கு மாறியது. பிபிடி கோப்புகளும் டிரைவர்களும் விலக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது, 3.0 பதிப்பு அவை இல்லாமலேயே திட்டமிடப்பட்டிருக்கிறது. நீக்கத்தின் மதிப்பை நிறுவியது ஒரு விபரீதம். 1.6இல் கைவிடப்பட்ட பழைய தேடல் முறையை, பழைய சர்வர்களோடு ஒத்துப்போவதற்காக, கப்ஸ்-பிரௌஸ்ட் என்ற துணைநிரல் உயிரோடு வைத்திருந்தது. 631ஆம் எண் வாயிலில் யார் அனுப்பும் தகவலையும் அது நம்பியது. 2024 செப்டம்பர் 26 அன்று பாதுகாப்பு ஆய்வாளர் சிமோனே மார்கரிடெல்லி இதை வெளிப்படுத்தினார். போலிப் பொறி ஒன்றை அறிமுகப்படுத்தி, அதற்காக உருவாகும் பிபிடி கோப்பில் ஒரு கட்டளையைப் புகுத்தினால், பயனர் அந்தப் பொறிக்கு வேலை அனுப்பும்போது கட்டளை ஓடிவிடும். கைவிடப்பட்ட தேடல் முறை வாசலைத் திறந்தது. கைவிடப்படவிருந்த கோப்பு வடிவம் நஞ்சைச் சுமந்தது. பிறகு வந்த திருத்தத்தில் அந்தப் பழைய தேடல் முறை முழுதாக எடுக்கப்பட்டது.

பேப்பர்கட்: ஐந்து வாரங்கள்

மேலடுக்கில் இருக்கும் வணிக மென்பொருளுக்கும் இதே பாடம் பொருந்தும். மெல்பர்னில் உருவான பேப்பர்கட், பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பரவலாகப் பயன்படுவது. அதில் நிர்வாகி சிறு நிரல்கள் எழுதி விதிகள் அமைக்கலாம்: நூறு பக்க வேலையைச் செலவு குறைந்த பொறிக்குத் திருப்புவது போல. 2023 மார்ச் 8 அன்று வெளியான 20.1.7, 21.2.11, 22.0.9 பதிப்புகள், கடவுச்சொல் இல்லாமலேயே நிர்வாகியாக நுழைய வழிவிட்ட ஒரு பிழையை மூடின. அதன் தீவிரம் 10க்கு 9.8 என மதிப்பிடப்பட்டது. நிறுவியதும் ஒருமுறை மட்டுமே தேவைப்படும் அமைப்புப் பக்கம் பின்னரும் திறந்தே கிடந்ததுதான் ஓட்டை. தாக்கியவர்கள் உள்ளே வந்து அந்த விதிநிரல் வசதியை இயக்கி, அதன் காப்புவேலியை அணைத்துத் தங்கள் கட்டளைகளை ஓட்டினார்கள். உண்மையான தாக்குதல்கள் ஏப்ரல் நடுவில் தெரியவந்தன. அதாவது திருத்தம் வெளியாகி ஐந்து வாரங்களுக்குப் பின். மே மாதத்தில் அமெரிக்க அரசு அமைப்புகள் வெளியிட்ட எச்சரிக்கை, அந்நாட்டில் இணையத்துக்குத் திறந்திருந்த பேப்பர்கட் சர்வர்களில் ஏறக்குறைய 68 சதவீதம் கல்வித்துறையினுடையவை என்றது. நல்ல வசதி ஒன்று, தேவையற்ற இடத்தில் திறந்து கிடந்த பக்கத்தோடு சேர்ந்தபோது கேடாயிற்று.

எதிர்வாதங்கள்

முதல் மறுப்பு: நீக்கம் என்பது பழைய பொறி வைத்திருப்பவர் தலையில் விழும் செலவு. நன்றாக ஓடும் பொறியை டிரைவர் இல்லை என்பதற்காகத் தூக்கிப்போடச் சொல்வது நியாயமாகாது. இந்த மறுப்பு வலுவானது. அதற்கு ஒரு விடையும் உண்டு. கப்ஸ் வட்டாரத்தில் உருவான அச்சுப்பொறிச் செயலி என்ற ஏற்பாட்டில், பழைய டிரைவர் இயங்குதளத்திலிருந்து பிரிக்கப்பட்டு, தனி நிரலாக ஓடி, ஐபிபி பொறிபோல நடந்துகொள்கிறது. பொறி பிழைக்கிறது, உயர் அதிகாரம் மட்டும் போகிறது. விண்டோஸிலும் உற்பத்தியாளரின் நிறுவியைக் கொண்டு டிரைவர் ஏற்றும் வழி அடைக்கப்படவில்லை. எனினும் தைத்தல், துளையிடல், மடித்தல் போன்ற கடைசிநேர வேலைகளைப் பொதுத் தரம் விவரித்தாலும், உற்பத்தியாளரின் டிரைவர் தந்த எல்லா நுணுக்கங்களும் எல்லாப் பொறிகளிலும் கிடைப்பதில்லை. பெரிய அச்சகப் பிரிவுகள் இதை எண்ணித்தான் மாற வேண்டும்.

இரண்டாவது மறுப்பு: புதுப்பிப்புகளே அச்சிடுதலைக் கெடுக்கின்றன. 2021 மார்ச்சில் வந்த விண்டோஸ் புதுப்பிப்பு, சில நிறுவனங்களின் பொறிகளுக்கு அச்சிட முயன்றதும் கணினியை நீலத்திரையோடு நிறுத்தியது. ஆகவே தள்ளிப்போடுவதே அறிவு என்பார்கள். ஆனால் அந்த முடக்கம் எல்லாப் பொறிகளுக்கும் வரவில்லை. குறிப்பிட்ட டிரைவர்கள் இயங்குதளத்தின் கருவைத் தொட்ட இடத்தில்தான் வந்தது. அது டிரைவரைக் குறைப்பதற்கான காரணமே தவிர, திருத்தத்தை ஒத்திப்போடுவதற்கான காரணம் ஆகாது. சில கணினிகளில் முதலில் சோதித்துவிட்டுப் பிறகு எல்லாவற்றிலும் ஏற்றச் சில நாள் போதும். பேப்பர்கட் தந்த ஐந்து வாரம் அதற்குத் தாராளமான அவகாசம்.

மூன்றாவது மறுப்பு ஆழமானது: டிரைவரை எடுத்தால் நம்பிக்கை முழுவதும் பொறியின் உள்நிரலுக்கு மாறுகிறது, அது மட்டும் பத்திரமா? 2025இல் பிரதர் நிறுவனத்தின் 689 மாடல்களில், தொழிற்சாலையிலேயே அமைக்கப்படும் நிர்வாகக் கடவுச்சொல்லை வரிசை எண்ணிலிருந்து கணித்துவிடலாம் என்று வெளியானது. விற்பனையான பொறிகளில் உள்நிரல் மாற்றத்தால் மட்டும் அதை முழுதாகச் சரிசெய்ய இயலாது. ஆகவே நீக்கம் அபாயத்தை ஒழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது என்பது சரி. ஆனால் பொறிக்குள் இருக்கும் ஓட்டையைத் தனி வலையமைப்பில் அடைத்துவைக்கலாம்; கடவுச்சொல்லை மாற்றலாம். ஒவ்வொரு கணினியிலும் உயர் உரிமையோடு ஓடும் நிரலை அப்படி அடைக்க வழியில்லை.

எல்லா நீக்கமும் நன்மையல்ல என்பதற்குக் கூகுள் கிளவுட் பிரிண்ட் எடுத்துக்காட்டு. பத்தாண்டு ஓடிய அந்தச் சேவை 2020 டிசம்பர் 31 அன்று நிறுத்தப்பட்டது. அதை நம்பியவர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. ஒரு பொதுத் தரம் இடத்தை நிரப்பியபின் பழையதை எடுப்பது ஒன்று. ஒரே நிறுவனத்தின் கையிலிருந்த சேவை விலக்கிக்கொள்ளப்படுவது வேறு. ஐபிபி யாருடைய உடைமையும் அல்லாததால், அதை நம்பிச் செய்யும் நீக்கத்துக்கு இந்த ஆபத்து குறைவு.

பதிப்புக் குறிப்பைப் படிக்கும் வரிசை

இந்த வரலாற்றிலிருந்து நிர்வாகிக்கு ஒரு நடைமுறை கிடைக்கிறது. புதிய பதிப்பின் குறிப்பில் முதலில் பார்க்க வேண்டியது பாதுகாப்புத் திருத்தம். அதன் தேதியிலிருந்து நாள்களை எண்ணத் தொடங்க வேண்டும். அடுத்தது நீக்கப்பட்டவையும் நீக்கப்படவிருப்பவையும். அங்கே பெயர் வந்த எதையும் ஒத்துப்போதலுக்காகத் திரும்ப உயிர்ப்பிக்கக் கூடாது. மூன்றாவது, இயல்பு அமைப்புகளில் வந்த மாற்றம். 2021 ஆகஸ்டில் நடந்ததுபோல, ஓர் அமைப்பு மாறுவது நூறு வசதிகளைவிட அதிகம் பாதிக்கும். புதிய வசதிகளின் பட்டியலைக் கடைசியில் படிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே கேள்வி போதும்: இது இங்கே தேவையில்லை என்றால் அணைத்துவைக்க முடியுமா? முடியாது என்ற பதில் வரும் வசதியைத்தான் பின்னொரு பதிப்பு எடுக்க வேண்டிவரும்.