மூலக்கொத்தளம் கேட்கும் கேள்வி

பொதட்டூர்பேட்டையிலிருந்து புறப்பட்டோம். தறியோசை ஓயாத ஊர். ஆந்திர எல்லையை அடுத்த ஊர். 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணியோடு தமிழகத்தில் இணைந்த ஊர். திருத்தணி மலைக்குப் பக்தர்கள் படியேறினர். நாமோ சென்னை மூலக்கொத்தளம் இடுகாட்டை நாடினோம். மொழி எல்லையில் வாழ்வோர்க்கு, மொழிக்காக மாண்டோரைக் காணும் கடமை உண்டன்றோ!

1938-இல் ஆச்சாரியார் அரசு 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. மறியல் செய்து சிறை புகுந்தோர் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர். பெண்களும் கைக்குழந்தைகளோடு சென்றனர். சிறைவாசத்தில் நோயுற்று, 1939 சனவரி 15-இல் நடராசன் மறைந்தார். மார்ச்சு 12-இல் தாளமுத்து மறைந்தார். 1940 பிப்ரவரியில் கட்டாய ஆணை வீழ்ந்தது.

நடராசன் தாழ்த்தப்பட்ட குலத்திற் பிறந்தவர். தாளமுத்து நாடார் குலத்தவர். ஊர் பிரித்து வைத்த இருவரையும் போராட்டம் ஒன்றாக்கியது, அருகருகே உறங்குகின்றனர். அதே மண்ணில் தருமாம்பாள் அம்மையாருக்கும் நினைவிடம் உண்டு.

பெருமிதத்தோடு தலை நிமிர்ந்தோம். அடுத்த கணமே நாணித் தலை குனிந்தோம். ஏன்? வாணியம்பாடியை அடுத்த நாராயணபுரத்தில், 2019 ஆகஸ்டில், சுடுகாட்டுக்குச் செல்லும் வழி மறிக்கப்பட்டதால், தாழ்த்தப்பட்ட ஒருவரின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினர்! எங்கோ அன்று, நம் வட ஆர்க்காட்டு மண்ணில்! பிணத்துக்கும் சாதியா? சாம்பலிலும் உயர்வு தாழ்வா?

தோழர்களே! மலர்வளையம் வைப்பது எளிது. ஊருக்கு ஒரே இடுகாடு, அதற்கு அனைவர்க்கும் ஒரே பாதை என்று நம் ஊரில் கேட்பது அரிது. அரியதைச் செய்வோம், அதுவே அவ்விருவர்க்கும் நாம் செலுத்தும் வீரவணக்கம்!