பெயர் அறியப்படாத நோய்: சிலிகுரி, 2001

இந்தியாவில் நிபா என்றதும் 2018ஆம் ஆண்டின் கோழிக்கோடே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் அவ்வைரஸ் அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே மேற்கு வங்கத்தின் சிலிகுரியில் மருத்துவமனைகளுக்குள் நுழைந்துவிட்டது. தொற்றுக்கட்டுப்பாட்டின் வரலாற்றைப் பயில்வோர் அந்நிகழ்வைத் தனியே ஆராய வேண்டும் என்பது என் கருத்து.

2001 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் அந்நகரில் காய்ச்சலும் நினைவுத் தடுமாற்றமும் கொண்ட ஒரு நோய் பரவியது. 66 பேர் பாதிக்கப்பட்டனர். 45 பேர் இறந்தனர். பாதிக்கப்பட்டோரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் மருத்துவமனைப் பணியாளர்கள் அல்லது நோயாளிகளைக் காணவந்தவர்கள். நோய் பெருகிய இடம் வார்டுதான்.

அக்காலத்து ஆய்வகச் சோதனைகளால் கிருமி எதுவெனக் கண்டறிய இயலவில்லை. சேகரித்திருந்த மாதிரிகள் பின்னர் மீண்டும் ஆராயப்பட்டு, அது நிபாவே என்னும் முடிவு 2006இல் வெளியாயிற்று. 18 நோயாளிகளுள் 9 பேரிடம் எதிர்ப்பான்கள் காணப்பட்டன. 5 பேரின் சிறுநீரில் வைரஸின் ஆர்என்ஏ இருந்தது. இந்த இரண்டாம் சான்று வரலாற்று மாணவருக்கும் முக்கியமானது. சிறுநீர்க் கலத்தை எடுப்பவர், நனைந்த விரிப்பை மாற்றுபவர், உடலைத் துடைத்துவிடுபவர், உணவூட்டுபவர் யார்? செவிலிய உதவியாளர், ஆயா, வார்டு பாய். அவர்கள் போதாத இடத்தில் நோயாளியின் உறவினர்.

கிருமியின் பெயர் தெரியாதபோது இவர்களைக் காக்க வழியே இல்லையா? இருந்தது. எச்ஐவி பரவலின் பின்னணியில், எந்நோயாளியின் இரத்தத்தையும் தொற்றுடையதாகவே கருதவேண்டும் என்று 1985இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் அறிவுறுத்தியது. 1996ஆம் ஆண்டின் வழிகாட்டுதல் அவ்விதியை வியர்வை நீங்கலான உடல் திரவங்கள் அனைத்துக்கும் விரித்தது. தொடுகை, நீர்த்திவலை, காற்று என்னும் மூன்று பரவல் வழிகளுக்கும் தனித்தனிக் காப்புமுறைகளை அதன்மேல் வகுத்தது. கை கழுவுதலும் கையுறையும் நோய்நிர்ணயத்துக்காகக் காத்திருக்கக் கூடாது என்பதே அதன் சாரம். ஆக, சிலிகுரிக்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே அறிவு அச்சில் இருந்தது. அச்சிலிருந்து அது படுக்கையோரம் வந்து சேர்வதற்குப் பயிற்சியும், கையுறைப் பெட்டியும், தண்ணீர் வரும் குழாயும் வேண்டும்.

2018இல் கோழிக்கோடு, மலப்புறம் மாவட்டங்களில் 23 பேர் பாதிக்கப்பட்டு, இருவரே பிழைத்தனர். அங்கும் நோயாளியைத் தொடுதல், உணவூட்டுதல், பணிவிடை செய்தல் ஆகியவையே தொற்றுக்கு வழியாயின. எனினும் வைரஸ் விரைவில் இனங்காணப்பட்டதால், தனிமைப்படுத்தலும் தொடர்பாளர் கண்காணிப்பும் தொடங்கின. பேராம்பிராவில் பணியாற்றி உயிர்நீத்த செவிலியர் லினியை நாடு நினைவில் வைத்திருக்கிறது. சிலிகுரியில் இறந்த பணியாளர்களின் பெயர்களோ பொது நினைவில் இல்லை.

கொள்ளைநோய் வரலாற்றைக் கிருமி கண்டறியப்பட்ட நாளிலிருந்து எழுதுவது நம் வழக்கம். அவ்வாறு எழுதும்போது, அந்நாளுக்கு முன்பு வார்டில் உழைத்து மாண்டவர்கள் விடுபட்டுப் போகிறார்கள். தொற்றுக்கட்டுப்பாடு என்பது முதலில் அவர்களின் உழைப்புரிமை. அதன் வரலாற்றையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.