மவுஸைப் பிடுங்கிய பிறகும் ஓடுற டைமர்: லினக்ஸ் டிரைவர்களோட மெமரி வரலாறு

இந்த எபிசோடுக்கு ஒரு கேள்வியோட வர்றேன். யுஎஸ்பி மவுஸை லேப்டாப்ல இருந்து படக்குன்னு பிடுங்கறீங்க. மவுஸ் போயிடுச்சு. ஆனா அந்த மவுஸுக்காக கெர்னல் ஒதுக்கி வெச்ச மெமரி? அதை யார், எப்போ திருப்பிக் கொடுக்கணும்?

கேட்கும்போது சின்ன விஷயம் மாதிரி இருக்கு. ஆனா லினக்ஸ் கெர்னல்ல இந்த ஒரு கேள்விக்கு ஒழுங்கான பதில் கண்டுபிடிக்க 20 வருஷத்துக்கு மேல ஆகியிருக்கு. இன்னும் முடிஞ்சபாடில்லை.

நான் வேலை பார்க்கிறது சர்வர் பக்கம். ஜாவால எழுதுவேன், கார்பேஜ் கலெக்டர் பின்னாடியே வந்து கூட்டிப் பெருக்கிடும். நம்மில் நிறையப் பேர் அப்படித்தான். சி-ல எழுதினாகூட, ஒரு சாதாரண புரோகிராம் மெமரியைத் திருப்பித் தராம செத்துப்போனா, ஆப்பரேட்டிங் சிஸ்டம் மொத்தத்தையும் பிடுங்கிக்கும். கெர்னலுக்கு அந்த வசதி கிடையாது. அதுக்குப் பின்னாடி துடைப்பத்தோட நிற்க யாரும் இல்லை. ஒதுக்கினதைத் திருப்பித் தரலைன்னா, ரீபூட் பண்ற வரைக்கும் அது போனது போனதுதான்.

மூணு வகைத் தப்பு

கதைக்குள்ள போறதுக்கு முன்னாடி, ஒரு லாட்ஜை மனசுல வெச்சுக்கோங்க. மெமரிங்கிறது ரூம். கே-மல்லாக் கூப்பிட்டா சாவி வாங்கறோம். கே-ஃப்ரீ கூப்பிட்டா சாவியைத் திருப்பிக் கொடுக்கறோம்.

ரூமைக் காலி பண்ணிட்டு சாவியைக் கொடுக்காமலே ஊருக்குப் போயிட்டா, அது மெமரி லீக். ரூம் பூட்டியே கிடக்கும், யாருக்கும் பயன்படாது. சாவியைக் கொடுத்துட்டு, டூப்ளிகேட் சாவியோட திரும்ப உள்ள போனா, அது யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ. அதுக்குள்ள அந்த ரூம்ல வேற யாராவது தங்கியிருக்கலாம். ஒரே ரூமை ரெண்டு தடவை காலி பண்ணினதா கணக்கு எழுத வெச்சா, அது டபுள் ஃப்ரீ. மேனேஜர் அதே ரூமை ரெண்டு பேருக்குக் கொடுத்துடுவார்.

இதுல லீக்தான் சாதுவான தப்பு. மற்ற ரெண்டும் சிஸ்டத்தைக் கவிழ்க்கும். சில நேரம், தாக்க வர்றவனுக்குக் கதவையே திறந்துவிடும். இந்த வித்தியாசத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க. ஏன்னா, லீக்கை அடைக்கப் போய் டபுள் ஃப்ரீயைக் கொண்டுவர்றது இந்த வரலாற்றுல திரும்பத் திரும்ப நடக்கும்.

2005: யாருடைய மெமரி இது?

லினக்ஸுல கீபோர்டு, மவுஸ், ஜாய்ஸ்டிக், டச் ஸ்கிரீன் எல்லாத்துக்கும் பொதுவான ஒரு அடுக்கு இருக்கு, இன்புட் சப்சிஸ்டம்னு பேரு. 1990-களோட கடைசியில இதை ஆரம்பிச்சவர் செக் நாட்டைச் சேர்ந்த வோய்டெக் பாவ்லிக். 2003 டிசம்பர்ல வந்த 2.6 கெர்னல்ல சாதாரண கீபோர்டும் மவுஸும்கூட இதன் வழியாகவே ஓட ஆரம்பிச்சது. அதுக்கப்புறம் இதோட பராமரிப்பு டிமித்ரி டொரோகோவ் கைக்கு வந்தது.

ஆரம்ப வடிவமைப்பு எளிமையானது. ஒவ்வொரு டிரைவரும் தனக்கென ஒரு ஸ்ட்ரக்ட் வெச்சிருக்கும். அதுக்குள்ளேயே இன்புட் டிவைஸுக்கான ஸ்ட்ரக்டும் உட்கார்ந்திருக்கும். மவுஸைப் பிடுங்கினா டிரைவர் தன் ஸ்ட்ரக்டை ஃப்ரீ பண்ணும், உள்ளே இருந்ததும் சேர்ந்தே போயிடும்.

பிரச்சினை என்னன்னா, அந்த டிவைஸைப் பயன்படுத்தறது டிரைவர் மட்டும் இல்லை. சிஸ்-எஃப்எஸ்ல இருக்கிற அதோட ஃபைலை வேற ஏதோ ஒரு புரோகிராம் திறந்து வெச்சிருக்கலாம். டிரைவர் "என் வேலை முடிஞ்சது"ன்னு ஃப்ரீ பண்ணிட்டா, இன்னொருத்தர் கையில இருக்கிறது செல்லாத சாவி.

அதனால 2005-ல டொரோகோவ் ஒரு பெரிய மாற்றம் செய்தார். இன்புட் டிவைஸை டிரைவரோட ஸ்ட்ரக்டுக்குள்ள வைக்காம, தனியா ஒதுக்கணும். எத்தனை பேர் அதைப் பிடிச்சுட்டு இருக்காங்கன்னு எண்ணிக்கை வெச்சு, கடைசி ஆள் விட்ட பிறகுதான் அது ஃப்ரீ ஆகும். இதுக்காக டிரைவர்களை வரிசையா மாற்றி எழுதினாங்க.

இதோட ஒரு புது விதியும் வந்தது. ரெஜிஸ்டர் பண்றதுக்கு முன்னாடி ஏதாவது தோற்றுப்போனா 'இன்புட் ஃப்ரீ டிவைஸ்' கூப்பிடணும். ரெஜிஸ்டர் ஆன பிறகுன்னா 'இன்புட் அன்ரெஜிஸ்டர் டிவைஸ்' மட்டும்தான், அதுவே மிச்சத்தைப் பார்த்துக்கும். ரெண்டையும் கூப்பிட்டா டபுள் ஃப்ரீ.

பிழைப்பாதைங்கிற படிக்கட்டு

இப்போ ஒரு டிரைவரோட புரோப் ஃபங்ஷனைக் கற்பனை பண்ணுங்க. மெமரி ஒதுக்கு, இன்புட் டிவைஸ் ஒதுக்கு, இன்டரப்ட் வாங்கு, ரெஜிஸ்டர் பண்ணு. நாலாவது படியில வழுக்கினா, மூணு, ரெண்டு, ஒண்ணுன்னு வந்த வழியே இறங்கி ஒவ்வொண்ணா விடுவிக்கணும். கெர்னல்ல இதை கோ-டூ வெச்சுச் செய்வாங்க. காலேஜ்ல "கோ-டூ பாவம்"னு சொல்லிக் கொடுத்திருப்பாங்க. கெர்னலோட கோடிங் ஸ்டைல் ஆவணமே இந்த இடத்துல கோ-டூவைப் பரிந்துரைக்குது. அதுவும் ஒரே ஒரு 'எர்' லேபிளை வெச்சு எல்லாத்தையும் சமாளிக்காதீங்க, ஒவ்வொரு படிக்கும் தனி லேபிள் வையுங்கன்னு எச்சரிக்குது.

இந்தப் படிக்கட்டு எப்போ ஓடும்? ஏதாவது தோற்கும்போது மட்டும்தான். டெவலப்பரோட மேசையில எல்லாமே வேலை செய்யும், அதனால இந்த வரிகளை யாரும் ஓட்டிப் பார்த்திருக்க மாட்டாங்க. டெஸ்டிங்ல கிடைக்காத தப்பு, ரிவ்யூ பண்றவர் கண்ணுல பட்டாத்தான் உண்டு.

பழைய டிரைவர்கள்ல ஒரு விசித்திரமான வழக்கத்தைப் பார்க்கலாம். அன்ரெஜிஸ்டர் கூப்பிட்ட அடுத்த வரியில அந்த பாயின்டரை நல் ஆக்கிடுவாங்க. ஏன்னா படிக்கட்டுல கீழே ஒரு 'இன்புட் ஃப்ரீ டிவைஸ்' காத்துட்டு இருக்கு. நல் கொடுத்தா அது எதுவும் செய்யாமத் திரும்பிடும். சாதுரியமான வேலைதான். ஆனா அஞ்சு வருஷம் கழிச்சு ஒருத்தர் வந்து "இந்த வரி எதுக்கு?"ன்னு நீக்கினா, முடிஞ்சது கதை.

டெவ்-எம்: பொறுப்பைக் கைமாத்தினது

2007-ல, 2.6.21 கெர்னல்ல, தேஜுன் ஹியோ ஒரு தீர்வு கொண்டுவந்தார். பேரு டெவ்-ரெஸ். நீங்க வாங்கற ஒவ்வொண்ணையும் டிவைஸ் பேர்ல ஒரு பட்டியல்ல எழுதிடுவாங்க. புரோப் தோற்றாலும், டிவைஸ் கழன்று போனாலும், கெர்னலே அந்தப் பட்டியலைத் தலைகீழா வாசிச்சு எல்லாத்தையும் விடுவிக்கும். கடைசியா வாங்கினது முதல்ல போகும். 2012-ல டொரோகோவ் இன்புட் டிவைஸுக்கும் இந்த வசதியைச் சேர்த்தார். நாற்பது வரிப் படிக்கட்டு பல டிரைவர்கள்ல அப்படியே காணாமப் போச்சு.

அப்போ எல்லாம் சரியாயிடுச்சா? இல்லை. தப்பு இடம் மாறிடுச்சு.

டிவைஸ் கழலும்போது முதல்ல ஓடறது டிரைவர் எழுதின ரிமூவ் ஃபங்ஷன். அதுக்கு அப்புறம்தான் டெவ்-ரெஸ் பட்டியல். இப்போ இன்டரப்டை டெவ்-எம் வழியா வாங்கிட்டு, வொர்க்-க்யூவை ரிமூவ்ல கையால அழிக்கறீங்கன்னு வைங்க. வொர்க்-க்யூ போயிடுச்சு, இன்டரப்ட் இன்னும் உயிரோட இருக்கு. அந்த மைக்ரோ செகண்ட் இடைவெளியில யாராவது டச் ஸ்கிரீனைத் தொட்டா? இன்டரப்ட் ஹேண்ட்லர், இல்லாத வொர்க்-க்யூவுல வேலையைப் போடும்.

இதே மாதிரி, இன்டரப்டை முதல்ல வாங்கிட்டு இன்புட் டிவைஸை அப்புறம் ஒதுக்கினாலும் சிக்கல். தலைகீழ் வரிசையில இன்புட் டிவைஸ் முதல்ல போயிடும். கோடைப் பார்த்தா எந்த வரியும் தப்பா இருக்காது. வரிசைதான் தப்பு.

அதிர்ற கன்ட்ரோலர்

எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் ஒண்ணு இருக்கு. கேம் பேடு அதிரும் இல்லையா, அதுக்கான கெர்னல் கோடு ஒண்ணு 'எஃப்எஃப்-மெம்லெஸ்'. 2006-ல எழுதப்பட்டது. சில கன்ட்ரோலர்களுக்கு அதிர்வுகளைச் சேமிச்சு வைக்கச் சொந்த மெமரி கிடையாது. அதனால எப்போ ஆரம்பிக்கணும், எப்போ நிறுத்தணும்னு கெர்னல் ஒரு டைமர் வெச்சு ஓட்டும்.

2019-ல இதுல ஒரு யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ சிக்கியது. சிவிஇ-2019-19524-ன்னு பதிவாகி இருக்கு. கன்ட்ரோலரைப் பிடுங்கும்போது, ஓடிட்டு இருக்கிற அதிர்வுகளை எல்லாம் கெர்னல் நிறுத்திடும். ஆனா அந்த டைமரை யாரும் நிறுத்தலை. டைமர் இருக்கிற மெமரி ஃப்ரீ ஆயிடும், டைமர் மட்டும் தன் நேரத்துக்கு அடிக்கும். தீய நோக்கத்தோட செஞ்ச ஒரு யுஎஸ்பி டிவைஸால இதைத் தூண்டிவிட முடியும்.

திருத்தம்? டெஸ்ட்ராய் ஃபங்ஷன்ல டைமரை நிறுத்த ஒரே ஒரு கால். மேலே, அது ஏன் தேவைன்னு விளக்கற ஒரு கமென்ட். என்னைக் கேட்டா அந்தக் கமென்ட்தான் திருத்தத்தோட பாதி மதிப்பு. "அதிர்வு எல்லாம் நின்னாச்சே, இது எதுக்கு?"ன்னு அடுத்து வர்றவர் கேட்கும் கேள்விக்கு, அது முன்கூட்டியே பதில் சொல்லிடுது.

வேட்டைக்கருவிகள்

இந்த மாதிரித் தப்புகளை மனுஷக் கண் மட்டும் கண்டுபிடிக்கலை. 2009-ல கெர்னலுக்குள்ள வந்த கே-மெம்லீக், யாரும் கையில வெச்சிருக்காத மெமரியைத் தேடிச் சொல்லும். 2015-ல 4.0 கெர்னலோட வந்த கேசான், ஃப்ரீ ஆன மெமரியைத் தொட்ட அந்தக் கணமே கத்தும். ஜூலியா லாலோட காக்சினெல், டான் கார்பென்டரோட ஸ்மாட்ச் ரெண்டும் கோடை ஓட்டாமலே தப்பு தேடும்.

2017 வாக்கில கூகுள்ல இருந்த ஆண்ட்ரே கோனோவலோவ், சிஸ்காலர்ங்கிற ஃபசரை வெச்சு, பொய்யான யுஎஸ்பி டிவைஸ்களை கெர்னலுக்குக் காட்ட ஆரம்பிச்சார். தப்புகள் கொத்துக் கொத்தா விழுந்தது. அதுல ஒண்ணு ஜிடிசிஓங்கிற டிஜிட்டைசர் டேப்லெட்டோட டிரைவர். அந்த டேப்லெட்டை நீங்களும் நானும் பார்த்திருக்கவே மாட்டோம். ஆனா டிரைவர் நம்ம சிஸ்டத்துல மாட்யூலா இருந்தா, "நான்தான் அந்த டேப்லெட்"னு பொய் சொல்ற ஒரு பென் டிரைவ் போதும். பின்னாடி அந்த டிரைவரையே கெர்னல்ல இருந்து நீக்கிட்டாங்க. ஹார்டுவேரே வழக்கொழிஞ்சு போச்சு, திருத்த ஆளும் இல்லை. சில நேரம் சிறந்த மெமரி ஃபிக்ஸ், டெலீட் பட்டன்தான்.

நல்ல பேட்ச் மாதிரி இருக்கிற பேட்ச்

கருவிகள் பெருகினதும் இன்னொரு நெருக்கடி வந்தது. "மெமரி லீக்கைச் சரிசெய்தேன்"னு ரெண்டு வரிப் பேட்ச்கள் வெள்ளமா வர ஆரம்பிச்சது. ரிவ்யூ பண்ற கை மட்டும் பெருகலை.

2021-ல இது வெடிச்சது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், சின்னப் பிழையைத் திருத்தற மாதிரி தோன்றி உள்ளே யூஸ் ஆஃப்டர் ஃப்ரீயை நுழைக்கிற பேட்ச்கள் ரிவ்யூவைத் தாண்டுமான்னு சோதிச்சிருந்தாங்க. பொய்யான அடையாளத்துல, ரிவ்யூவர்கள்கிட்ட சொல்லாம. அந்த ஏப்ரல்ல கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் அந்தப் பல்கலைக்கழகத்தோட பங்களிப்புகளையே நிறுத்தினார். ஆய்வுக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

மே மாசம் லினக்ஸ் ஃபவுண்டேஷனோட டெக்னிக்கல் அட்வைசரி போர்டு ஒரு அறிக்கை கொடுத்தது. அந்தப் பல்கலைக்கழகத்துல இருந்து வந்திருந்த 400-க்கும் மேற்பட்ட கமிட்களை மறுபடி படிச்சிருந்தாங்க. பெரும்பாலானவை சரியானவை. 39 மட்டும் திருத்த வேண்டியவை. பொய் அடையாளத்துல வந்த தவறான பேட்ச்கள் எதுவும் உள்ளே போகலை.

இதுல என்னை யோசிக்க வெச்சது அந்த 39-தான். அதைச் சதின்னு சொல்லவே முடியாது, நல்லெண்ணத்தோட எழுதின சாதாரணத் தப்புகள். இவ்வளவு பேர் பார்த்தும் தாண்டிடுச்சு. ஏமாத்த வர்றவனை விட, "சின்ன பேட்ச்தானே"ங்கிற அலட்சியம்தான் அதிகமா நுழைய விடுது.

இப்போ எங்கே நிற்கிறோம்

2023-ல 6.5 கெர்னல்ல பீட்டர் ஜில்ஸ்ட்ரா கொண்டுவந்த கார்டு, ஃப்ரீ குறியீடுகள், ஃபங்ஷன் முடியும் இடத்துல லாக்கையும் மெமரியையும் கம்பைலரே விடுவிக்க வைக்குது. 2024-ல இருந்து இன்புட் டிரைவர்கள் ஒவ்வொண்ணா இதுக்கு மாறுது. மாத்தறவர்? அதே டொரோகோவ். 2022 டிசம்பர்ல வந்த 6.1-ல ரஸ்ட்டுக்கும் கெர்னல்ல கதவு திறந்தாச்சு. "இது யாருடைய மெமரி"ங்கிற கேள்வியை அந்த மொழி கம்பைல் ஆகும்போதே கேட்கும்.

ஆனா எந்தக் கருவி வந்தாலும் ரிவ்யூ பண்றவருக்கு மூணு கேள்வி மிச்சம் இருக்கும்னு நினைக்கிறேன். இந்த மெமரி யாருக்குச் சொந்தம்? இதை இன்னும் யார் தொடலாம், டைமரா, இன்டரப்டா, ஃபைலைத் திறந்து வெச்ச ஏதோ ஒரு புரோகிராமா? விடுவிக்கிற வரிசை சரியா? உங்க ஆபீஸ்ல ரெண்டு வரி புல் ரிக்வெஸ்ட் வந்து, கை தன்னால அப்ரூவ் பட்டனுக்குப் போகும்போது, மாறின அந்த ரெண்டு வரியோட நிறுத்தாதீங்க. அந்த ஃபங்ஷனை மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு தடவை வாசிச்சுட்டு அழுத்துங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.